அணைக்கட்டில் யார் இறங்குவது

யூலை 7, திங்கள்

விடியமுன்பே தென்மேற்குச் சோளகக் காற்று. சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பின் சில்லு மெதுவாக இறங்குகிறது. வால்வு பார்க்க வேண்டும்.

இது என் முதல் கொப்பி. ரீச்சர் தந்த வேலை இல்லை, எனக்காக எழுதுவது. மகள் செல்வி பார்த்தால் சிரிப்பாள். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

முதலில் நல்லதை எழுதுகிறேன். பிறகு அவனை.

நல்லது: அணைக்கட்டு. கடல்நீரேரியின் உவர்நீர் வயலுக்குள் வராமல் கட்டியது. மேலே சரளைக்கல் போட்ட கிரவல் பாதை. பஸ் இல்லை. மணல் ஏற்றும் ரிப்பர் லொறி இல்லை. ஹோன் சத்தம் இல்லை. பெரிய றோட்டில் ஒரு வான்காரன் என்னைத் தட்டி விழுத்திய பிறகு செல்வி சொல்லிவிட்டாள்: "அணைக்கட்டிலை மட்டும் ஓடுங்கோ ஐயா. றோட்டுக்கு ஏறினால் சைக்கிளை ஆருக்கும் குடுத்துப்போடுவன்." ஆகவே எனக்கு இருப்பது அந்த ஒரு வழிதான். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஒழுங்கையிலிருந்து அணைக்கட்டுக்கு ஏறும் ஏற்றம்தான் எங்கள் மலை. எழும்பி நின்று மிதிக்க வேண்டும். நான் மிதிக்கிறேன். மேலே ஏறியதும் காற்று, தண்ணீர், டயருக்குக் கீழே கறகற என்று கிரவல். எனக்குப் பாட்டு வரும். யாரும் கேட்பதில்லை.

கெட்டது: ஓவசியர். காலஞ்சென்ற என் மனைவியின் தம்பி. நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவன். வீடு அணைக்கட்டின் மற்றப் பக்கம். காலையில் அவன் கோயிலுக்கு இங்கே வருவான், நான் சும்மா அங்கே போவேன். மதகடியில் சந்திப்போம். அந்த இடத்தில் பாதை ஒரு சைக்கிளுக்குத்தான் காணும்.

மூத்தவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவது எங்கள் ஊர் மரியாதை. அக்காவின் புருஷனைக் கண்டால் கேட்கவே வேண்டாம். அவன் இறங்குவதில்லை. நான்தான் சரிவில் இறங்கி வழி விடுவேன். போன வருஷம் வாசிகசாலையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். "பேப்பரைத் தலைகீழாப் பிடிக்கிற ஆளுக்கு நான் சைக்கிளாலை இறங்கிறதோ?" என்றான். சிரித்தார்கள். அடுத்த கிழமையே புவனம் ரீச்சரிடம் அ, ஆ படிக்கப் போனேன். போன வெள்ளி அதே வாசிகசாலையில், அதே கதிரையில் இருந்து, பேப்பரில் அரைப் பக்கம் சத்தமாக வாசித்தேன்.

இனி நான் இறங்குவதில்லை.

விரல் நோகிறது. மிச்சம் நாளைக்கு.

யூலை 8, செவ்வாய்

ஓவசியர் என்று முழுவதும் எழுத நேரம் போகிறது. அவனுக்கு அவ்வளவு தேவையில்லை. இனி ஓ.

மதகடியில் என் முன் சில்லும் ஓ.வின் முன் சில்லும் முட்டின. இரண்டு பேரும் ஆசனத்தில் இருந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றோம்.

"விலத்தும்" என்றான். அத்தான் என்பதை விட்டு நெடுநாள். இப்போது நீர், உம்.

"நீர் இறங்கும்" என்றேன்.

"பேப்பர் வாசிக்கிறீராம்."

"ஓம். மரண அறிவித்தலிலை உம்மடை பேர் வந்திட்டுதோ எண்டு நாள்தோறும் பாக்கிறன்."

"வந்தாலும் உமக்கு எழுத்துக்கூட்டி முடிக்கச் செத்தவீடு முடிஞ்சு எட்டுச் செலவும் வந்திடும்."

நல்ல பதில். அதனால் இன்னும் கோபம். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. ஆடு மேய்க்கும் வள்ளியம்மை பின்னால் வந்துவிட்டாள். "ரெண்டு கிழடும் விலத்துங்கோ. ஆடு பசியிலை நிக்குது." ஆடுகள் காலுக்குள் புகுந்தன. இரண்டு பேரும் ஒன்றாகச் சரிவில் இறங்க வேண்டியதாகிவிட்டது. ஆட்டுக்கு இறங்கியது கணக்கில்லை.

யூலை 9, புதன்

ஓ. வரவில்லை. நிம்மதி. அணைக்கட்டு முழுவதும் என்னுடையது. மதகடியில் ஒரு பலகை. எத்தனை வருஷம் அதற்கு முதுகு சாய்த்து நின்றிருப்பேன். இன்று வாசித்தேன். "கனரக வாகனங்கள் செல்லத் தடை." இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாம் தரம் கத்தி. கொக்குகள் எழும்பின. இவ்வளவு நல்ல வசனம் பேப்பரில்கூட வந்ததில்லை.

கண்டவை: கொக்கு. கூழைக்கடா மூன்று. உப்புப் பூத்த சேறு. ஒற்றைச் செருப்பு. பாம்புச் சட்டை.

பின் சில்லு திரும்பவும் இறங்கிவிட்டது. வால்வு மாற்றினேன்.

யூலை 10, வியாழன்

இறங்கினான்.

இறங்கினான் இறங்கினான்.

ஆறுதலாக, அவசரப்படாமல் எழுத வேண்டும். தூசிக் காற்று. நான் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு போகிறேன். மதகடியில் நிமிர்ந்தால், ஓ. சைக்கிளை விட்டு இறங்கி, ஓரத்தில், ஹாண்டிலைப் பிடித்தபடி, தலை குனிந்து நிற்கிறான். வெள்ளை வேட்டி காற்றில் அடிக்கிறது. நான் மணியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. மதகு தாண்டும் மட்டும் அடித்தேன். தாண்டிய பிறகும் அடித்தேன்.

மாலை வாசிகசாலையில் சொன்னேன். புவனம் ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. "அவரோ? இறங்கினவரோ? நல்லாப் பாத்தனீங்களோ?"

"கண்ணாலை பாத்தன் ரீச்சர்."

"அதிசயம்தான்" என்றா.

இரண்டு தேத்தண்ணி குடித்தேன். சீனி போட்டு. செல்விக்குச் சொல்லக் கூடாது.

யூலை 11, வெள்ளி

ஓ. வரவில்லை. வெட்கம். இருக்கட்டும்.

யூலை 12, சனி

இன்றும் வரவில்லை. கோயிலுக்கு றோட்டால் போகிறான் போல. ரிப்பர் தூசியைக் குடிக்கட்டும்.

யூலை 13, ஞாயிறு

வள்ளியம்மை மதகடியில் மறித்தாள்.

"உங்கடை மச்சான் எப்பிடி இருக்கிறார்?"

"எனக்கென்ன தெரியும்?"

"அண்டைக்குத் தலை சுத்தி நிண்டவர். நீங்கள் கடந்த கையோடை அப்பிடியே கிரவலிலை குந்திட்டார். நான்தான் தண்ணி குடுத்து, மகனுக்குப் போன் அடிச்சு, ஓட்டோவிலை ஏத்திவிட்டனான்." என் மணியைப் பார்த்தாள். "நீங்கள் நல்லா அடிச்சுக்கொண்டு போனியள். ஊருக்கே கேட்டிருக்கும்."

ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே அவன் இறங்கவில்லை. கள்ளன். தலை சுற்றி இறங்குவது இறக்கமா? மரியாதைக்கு இறங்குவது வேறு, விழாமல் இருக்க இறங்குவது வேறு. வாசிகசாலை முழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது என் முகத்தை எங்கே வைப்பது?

வீட்டில் செல்விக்கும் செய்தி வந்துவிட்டது. ஓ.வின் மகன் ரமணன் அவனுடைய சைக்கிளைக் கிணற்றடித் தூணில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டானாம்.

"நல்ல வேலை செய்தான்" என்றாள் செல்வி. "உங்களுக்கும் உதுதான். எப்ப தலை சுத்தப்போகுதோ. பக்கத்திலை ஒரு ஆளும் இல்லாத இடம்."

"எனக்குத் தலை சுத்தாது."

"மாமாவும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்."

எங்கள் கிணற்றடியிலும் ஒரு தூண் இருக்கிறது. அதை இன்றுதான் கவனித்தேன்.

யூலை 14, திங்கள்

தனியே ஓடினேன். காற்று அதேதான். கிரவல் அதேதான். மதகடியில் நின்றேன். பலகையை வாசித்தேன். ஒருவரும் வரவில்லை.

பாட்டு வரவில்லை. காற்றில் தொண்டை காய்ந்திருக்கும்.

யூலை 15, செவ்வாய்

ஓ. வீட்டுக்குப் போனேன். அக்காவின் புருஷனான நான் வாசல் படலையில் நின்று மணி அடிக்க வேண்டிய நிலைமை. ரமணன் வந்தான். "மாமா! வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ."

வரவில்லை என்றேன். வந்த விஷயம் ஒன்றுதான். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஓ. கிடந்தான். இரண்டு கன்னமும் உள்ளே போய்விட்டன. படலையில் நின்றே கத்தினேன்.

"அண்டைக்கு நீர் இறங்கினது கணக்கில்லை!"

கண்ணைத் திறந்தான். "நான் எப்ப இறங்கினனான்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். கணக்கில்லை."

"அப்ப ஊரெல்லாம் ஏன் சொன்னனீர்? உமக்குத்தான் எழுதத் தெரியுமே. நான் இறங்கேல்லை எண்டு எழுதி வாசிகசாலைச் சுவரிலை ஒட்டும்."

"ஒட்டுவன். முதல் நீர் மதகடிக்கு வாரும். நேராய்ப் பாப்பம், ஆர் இறங்கிறது எண்டு."

அவன் கிணற்றடிப் பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். சைக்கிளைத் துடைத்து வைத்திருந்தார்கள். சில்லுக்குள்ளால் சங்கிலி. நாயைக் கட்டுவது அது.

ரமணன் குரலைத் தாழ்த்தினான். "தனிய விடேலாது மாமா. டொக்டர் சொல்லிப்போட்டார். ஆரும் கூடப் போனால் யோசிக்கலாம். அந்த வெளியிலை ஆர் போறது?"

ஓ. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கேட்க மாட்டான். செத்தாலும் கேட்க மாட்டான். எனக்குத் தெரியும், நானும் கேட்க மாட்டேன்.

"நான் எப்பிடியும் அந்த வழியாலைதான் போறனான்" என்றேன். ரமணனுக்குத்தான் சொன்னேன்.

இரவு செல்விக்கும் சொன்னேன். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும், இனிப் பயம் இல்லை என்று. "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளி விழுத்தாமல் வாங்கோ" என்றாள். தூணைப் பற்றிப் பேச்சில்லை.

யூலை 16, புதன்

வாசிகசாலைச் சுவரில் ஒட்டினேன். "ஓவசியர் இறங்கவில்லை." முழுப் பட்டமும் எழுதினேன். ரீச்சர் வாசித்துவிட்டுப் பிழை இல்லை என்றா.

யூலை 18, வெள்ளி

கடும் காற்று. ஓ. வீட்டிலிருந்து இரண்டு பேரும் புறப்பட்டோம். அந்தப் பக்கத்து ஏற்றத்தில் அவன் இறங்கி உருட்டினான். நான் மிதித்து ஏறினேன். ஏறி மேலே காத்துக்கொண்டு நின்றேன்.

மதகடி. பாதை ஒரு சைக்கிளுக்கு. அவன் நிறுத்தினான். இறங்கினான். தலை சுற்றவில்லை, முகத்தை நன்றாகப் பார்த்தேன். சைக்கிளை ஓரம் சாய்த்து வழி விட்டான்.

"அத்தான், நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்றான்.

காற்று இரைச்சல்தான். ஆனால் கேட்டது.

எவ்வளவு காலம். நான் பெடலில் காலை வைத்தேன். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. நான் முன்னால் போனால் இவன் பின்னால் விழுவது எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் காற்றில் கத்தினாலும் கேட்காது.

"ஏறும்" என்றேன். "நீர் முன்னுக்குப் போம்."

"இல்லை, நீங்கள் மூத்த ஆள்."

"மூத்த ஆள்தான் சொல்லுறன். போம்!"

போனான். நான் பின்னால். எதிரே வள்ளியம்மை ஆடுகளோடு சரிவில் ஒதுங்கி நின்று பார்த்தாள். "என்ன, ஓவசியருக்குப் பியூன் வேலையோ?" மணியால் பதில் சொன்னேன்.

எதிர்க்காற்றில் அவனுடைய சில்லுத் தூசி முழுவதும் எனக்கு. பல்லுக்குள் இன்னும் கிரவல் கடிபடுகிறது. ஆறுதலாக ஓடச் சொல்லித்தான் டொக்டர் விட்டவர். நாய் வேண்டுமென்றே வேகமாக மிதிக்கிறான்.