சலாமுக்கு மட்டும் பதில்

ஜூலை 9, வியாழன்.

பக்கவாதம் வந்த பிறகு அத்தாவுக்கு நினைக்கும் சொல் வாயில் வருவதில்லை, வேறேதோ சொல் வருகிறது. யாராவது சலாம் சொன்னால் மட்டும் பழக்கத்தில் முழுப் பதிலும் வந்துவிடும். இன்று தேவகோட்டையிலிருந்து வந்த அவருடைய நண்பர் அதைக் கேட்டு ஏமாந்துபோனார்.

"நல்லாத்தானே பேசுறீக. எம் மக நிக்காஹுக்கு நீங்கதான் சாட்சி. வாரீகளாண்ணே?"

அத்தா நெடுநேரம் முயன்றார். "சாவி" என்றார். மறுபடியும் "சாவி". நண்பர் என்னைப் பார்த்தார்.

"வாரேன்னுதான் சொல்றாக, மாமா" என்றேன்.

அத்தா இடக்கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினார். போக வேண்டாமா, நான் அவருக்காகப் பேச வேண்டாமா? நண்பர் போனதும் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

படுக்கும்முன் சலாம் சொன்னேன். தெளிவாகப் பதில் சொன்னார். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.