இருபத்தைந்து நிமிடம்

தம்பிக்கு,

நாளைக் காலையில் என் நெஞ்சைத் திறக்கிறார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிவிட்டதாம். உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே இருபத்தைந்து நிமிடம் நிறுத்திவிட்டு, துணிக்குழாய் வைத்துத் தைப்பார்களாம்.

"மினசோட்டாக்காரிக்குக் குளிர் என்ன புதுசா?" என்று டாக்டர் ஹால்வர்சனிடம் சிரித்தேன். கையிலிருந்த காபி போர்வையெல்லாம் கொட்டிவிட்டது.

இது குடும்பத்தில் வருமாம். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும்போது அப்பா சுருண்டு விழுந்தாரே, அதுவும் இந்தக் குழாய் வெடித்துத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். நீ தூண்டிலுக்கு இரை வாங்கப் போகாமல் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாராம். முப்பது வருஷமாக உன் முகத்தில் விழிக்காமல் இருந்தேனே.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொன்று. உனக்கு வரும் மார்ச்சில் ஐம்பத்தொன்று. மன்னிப்பெல்லாம் அப்புறம். முதலில் போய் ஸ்கேன் எடுடா.

அக்கா