இருபத்து நான்கு வண்டிகளுக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 3, திங்கள்

காலை 9.10க்கு விமான நிலையத்தை அடைந்தேன். வரச் சொன்ன நேரம் 9.15. ஐந்து நிமிடம் வாசலில் நின்றிருந்துவிட்டு உள்ளே சென்றேன். முன்னதாகப் போவதும் ஒரு வகையில் நேரம் தவறுதல்தான்.

வேலை இது: பயணிகளின் பெட்டிகளை இழுத்துச் செல்லும் நாற்பத்தெட்டு வண்டிகளில் பாதியை, சென்ற டிசம்பர் 31க்குள் டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றிவிட்டதாக நிலையம் அறிவித்திருக்கிறது. அது மெய்தானா என்று வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த வெளியாள் நான்.

சுற்றுச்சூழல் அலுவலர் என் மகள் வயதுள்ள பெண்மணி. பெற்ற பிள்ளைகளை விருந்தாளிக்குக் காட்டுவதுபோல வண்டிகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துக்கொண்டேன். சரியாக இருபத்து நான்கு. எல்லாம் புத்தம் புதியவை. என்னையறியாமல், “பலே அம்மா!” என்றேன்.

“உங்க கையெழுத்து மட்டும் இந்த மாசம் கிடைச்சுட்டா, மீதி இருபத்து நாலையும் மின் வண்டியாவே வாங்கறேன்னு தலைவர் சொல்லியிருக்கார் சார். இல்லேன்னா பழையபடி டீசல்தான்.”

மார்ச் 5, புதன்

சார்ஜ் ஏற்றும் இடத்து மீட்டர் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று முறை கணக்கிட்டேன். நான்காம் முறை கால்குலேட்டரையும் மாற்றிப் பார்த்தேன். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செலவான மின்சாரம் ஒன்பது வண்டிகளுக்குத்தான் காணும்.

இருபத்து நான்கு பேர் உள்ள வீட்டில் ஒன்பது பேருக்கு மட்டும் உலை வைத்திருக்கிறார்கள். மற்ற பதினைந்து பேர் எங்கே சாப்பிடுகிறார்கள்?

மார்ச் 6, வியாழன்

என் “பலே” தலைவர் காது வரை போய்விட்டதாம். பேனர் அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். அளப்பதற்கு முன் பாராட்டினேனே — இத்தனை ஆண்டு அனுபவமும் எந்த அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது?

மார்ச் 10, திங்கள்

பெட்டிக் கூடத்தில் காலை 7 முதல் 11 வரை நின்றேன். மின் வண்டிகளில் பெரும்பாலானவை சுவரோரம் துடைத்து வைத்த பாத்திரம்போல் நிற்க, டீசல் வண்டிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. ஓட்டுநர்களில் மூத்தவரிடம் காரணம் கேட்டேன். எல்லாரும் அவரை மீசை என்கிறார்கள். காரணம் முகத்திலேயே இருக்கிறது.

“வண்டி நல்ல வண்டிதான் சார். ஆனா பூனை மாதிரி வருது. பின்னாடி வந்து நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியறதில்லை. போன மாசம் பெட்டி தூக்கற லோடர் ஒருத்தன் கால்ல ஏத்தப் பார்த்தேன். அன்னியோட கும்பிடு போட்டுட்டேன்.”

“அண்ணன் பாட்டுப் பாடிக்கிட்டேகூட ஓட்டிப் பார்த்தாரு சார்,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“ஒதுங்கினாங்களா?”

“இல்ல சார், காதைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் இன்னும் மோசம்.”

அலுவலரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். மீசை தலையைச் சொறிந்தார். “அந்தம்மா தினம் வந்து வண்டியைத் தடவிப் பார்த்துட்டுப் போகுது. அதுகிட்ட எப்படி சார் சொல்றது?”

பரிகாரம் என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். சரிபார்ப்பவன் யோசனை சொல்லலாகாது என்பது எங்கள் தொழிலின் விதி. இன்று நான் வழி சொல்லிவிட்டால், நாளை என் விடைத்தாளை நானே திருத்துவதாகிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலரிடம் தெரிவித்தேன்: வாங்கியவை இருபத்து நான்கு, ஓடுபவை ஒன்பது.

“அன்னிக்குப் பலேன்னீங்களே சார்!”

“அது என் பிழை, அம்மா.”

“உங்க பிழைக்கு என் வண்டிங்க போகணுமா? மீட்டர் தப்பாக் காட்டுதோ என்னவோ!”

“மீட்டரையும் சோதித்துவிட்டேன். ஏன் ஓட்டவில்லை என்பதை ஓட்டுநர்களிடமே கேளுங்கள்.”

எழுந்து போனார். நான் என்னதான் செய்வது? போடு என்றால் போட்டுவிட முடியுமா? வராதே, இந்தக் கை வராதே! ஆனால் அந்த முகம்...

இரவு உணவின்போது மனைவியிடம் விதியைப் பற்றிச் சொன்னேன். “ஏங்க, துண்டு காயப்போடறதுக்குக்கூட எனக்கு யோசனை சொல்றீங்க. வாயை மூடிக்கிட்டு இருக்க ஒரு விதி இருக்குன்னு இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே! அதை வீட்டுக்கும் கொண்டு வாங்களேன்.”

மார்ச் 14, வெள்ளி

நிலையத்திலிருந்து அழைப்பு இல்லை. துண்டை நானே காயப்போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மதியம் 2.25க்கு ஒரு சந்தேகம் கேட்க மீசையை அழைத்தேன். அலுவலர் நேற்று ஒரு முழு ஷிஃப்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மின் வண்டியில் போனாராம். “‘ஒதுங்குங்க, ஒதுங்குங்க’ன்னு கத்தி, அரை மணியில அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு சார். இறங்கி என்னைத்தான் திட்டுச்சு, ‘இதை முதல்லயே சொல்ல என்ன கேடு’ன்னு.” திட்டு வாங்கியவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

மார்ச் 28, வெள்ளி

நிர்வாகக் கூட்டம். என் அறிக்கையில், அளக்கும் முன் நான் பாராட்டியதையும் தேதியோடு எழுதியிருந்தேன். படிக்க எழுந்தேன். அதற்குள் அலுவலர் எழுந்துவிட்டார். “ஒன்பதுதான் ஓடுது,” என்றார், தொண்டை இன்னும் முழுதாகச் சரியாகாத குரலில். “வாங்கினதைச் சாதனைன்னு எழுதினது நான். ஓட்டறவங்களைக் கேட்காம விட்டதும் நான். மூணு மாசம் கொடுங்க.”

தலைவர் பேனாவை மூடி வைத்தார். ஜூன் 30 வரை டீசலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், எதற்கும் ஆர்டர் இல்லை என்றார். நான் கையெழுத்திட்டது ஒன்பதுக்கு. பேனரைச் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

ஜூலை 9, புதன்

மறு சரிபார்ப்பு. இலக்குத் தாளை அலுவலரே திருத்தி எழுதியிருக்கிறார்: ‘வாங்கிய வண்டிகள்’ என்ற இடத்தில் ‘ஓடிய மணிகள்’. இது முன்னதைவிடக் கடினமான இலக்கு. யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஏப்ரல், மே, ஜூன் மீட்டர் பதிவுகளும் ஓட்டுநர்களின் நேரப் பதிவுகளும் ஒத்துப்போகின்றன. இருபத்து நான்கில் இருபத்திரண்டு ஓடுகின்றன, இரண்டு பழுதுபார்ப்பில். எதற்கும் பெட்டிக் கூடத்துக்கே போய், நடுவில் நின்று எண்ணினேன். பதினேழாவதைக் குறித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் டிங் டிங் என்று மணி அடித்தது. திரும்பினால் மீசை, பக்கத்து இருக்கையில் அலுவலர்.

“பெரியவரே, வழியில நின்னுக்கிட்டு என்ன எழுத்து?” என்றார் மீசை.

ஒதுங்கினேன். மணி 11.42. பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன்.