பதினோரு மெஷின்களும் அண்ணனும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அண்ணன் அண்ணியை அடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கவில்லை, அதுதான் குற்றம். இஸ்திரிப் பெட்டியின் வயரை மடித்துப் பிடித்துக்கொண்டு முதுகில் நாலு அடி. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், வாயில் நுரையோடு ஓடிவந்து நடுவில் நின்றேன். ஐந்தாவது அடி என் தோளில் விழுந்தது.

"அவன் கோவக்காரன்னு தெரியும்ல? நேத்தே போட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா. அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அரைமணி நேரம் கழித்து அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து மருத்துவமனைக்கு வேலைக்குப் போனேன். வேறென்ன செய்ய? ஒரே வண்டி, ஒரே சர்வர் அறை. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

மார்ச் 5, வியாழன்

ஏசி மெக்கானிக்குக்கு ஒரு பல் போய்விட்டது.

ஏசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சர்வர் மேல் விழுந்ததாம். அண்ணன் அந்த ஆளின் பிடரியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். இரண்டு தடவை. வராந்தா நெடுக ரத்தம். மருந்து வாங்க நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். ஆஸ்பத்திரிதானே, ரத்தத்தைப் பார்த்து யாரும் அலறக்கூட இல்லை.

மதியம் நிர்வாகி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அண்ணனை இன்னைக்கே அனுப்பிடுவேன்மா. அனுப்பிட்டா அந்த மெஷினையெல்லாம் யாரு பாக்கறது?"

அதுதான் சங்கதி. எங்களிடம் இருப்பது மூன்று சர்வர் பெட்டிகள். அவற்றுக்குள் பதினோரு கணினிகள், கண்ணுக்குத் தெரியாதவை, விர்ச்சுவல் மெஷின்கள். மருந்தகத்துக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று, இப்படி. எதை எப்படி எழுப்புவது, எப்படி நிறுத்துவது என்ற கட்டளையெல்லாம் அண்ணன் மண்டைக்குள் மட்டும். ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை. பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாலே முழங்கையால் இடிப்பான். இங்கே எல்லோரும் அவனை 'கரண்ட்' என்பார்கள். தொட்டால் அடிக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது.

மேடத்திடம் ஒரு வழி சொன்னேன். இந்த மெஷின்களை பிரவுசரிலேயே பார்க்க, பட்டன் அழுத்தி நிறுத்த, எழுப்ப ஒரு மென்பொருள் இருக்கிறது. எங்கள் சர்வர் பழசு என்பதால் தயார் நிலையில் கிடைக்காது. அதன் மூல நிரலை, சோர்ஸ் கோடை இறக்கி நாமேதான் கட்ட வேண்டும்.

"எத்தனை நாள்?"

"பத்து நாள், மேடம்."

"அவருக்குத் தெரியாம முடியுமா?"

தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பழைய கோப்புகள் போட்டு வைக்கும் அறையில் ஒரு ஓட்டைக் கணினி. அதில் சோர்ஸை இறக்கினேன். முதல் முயற்சியிலேயே இருபத்தேழு பிழைகள்.

மார்ச் 9, திங்கள்

ஒரு லைப்ரரி, அதாவது துணை நிரல், போட்டால் அது இன்னொன்றைக் கேட்கிறது. அதைப் போட்டால், நீ போட்டது புது வெர்ஷன், எனக்குப் பழசுதான் வேண்டும் என்கிறது. மாமியார் வீட்டுச் சீர் மாதிரி முடிவில்லாத பட்டியல்.

ஆனால் ஒன்று. பிழைச் செய்தி கை ஓங்குவதில்லை. எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன குறை, சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. சரிசெய்தால் அதையே மறுபடி சொல்வதில்லை. இப்படி ஒருவரோடு பழகி எத்தனை வருடம் ஆயிற்று?

மார்ச் 10, செவ்வாய்

அண்ணியைப் படிக்கட்டில் உதைத்தான். எட்டுப் படி உருண்டாள். விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

எண்ணெய் தேய்த்துவிடும்போது நான் செய்துகொண்டிருப்பதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.

"அது முடிஞ்சா அவன் இல்லாம ஆஸ்பத்திரி ஓடுமா?"

"ஓடும் அண்ணி."

"அப்போ சீக்கிரம் முடி."

மார்ச் 12, வியாழன்

திறந்துவிட்டது!

நேற்றெல்லாம் 'அனுமதி இல்லை' என்றே சொன்னது. சர்வர் பக்கம் இந்த மென்பொருளின் பெயரை உரிய குழுவில் சேர்க்காததுதான் காரணம். நிர்வாகியிடம் சீல் வைத்த உறையில் ஒரு பாஸ்வேர்ட் இருந்தது. அதை வைத்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். பக்கம் வந்தது. பதினோரு பெயர்கள், பதினோரு பச்சைப் புள்ளிகள். தனியாக உட்கார்ந்து கை தட்டினேன், பைத்தியம் மாதிரி.

மாலை நாலு மணி. அண்ணன் சர்வரின் பதிவேட்டில் அந்த ஓட்டைக் கணினியின் எண்ணைப் பார்த்துவிட்டான்.

"இங்க வா." சாதாரணக் குரல்தான். போனேன். "சர்வர் ரேக்ல கை வை." நகரவில்லை. வலது கையைப் பிடித்திழுத்து, சர்வர்களை அடுக்கிய அந்த அலமாரியின் இரும்புக் கதவின் இடுக்கில் வைத்து, கதவை உதைத்துச் சாத்தினான்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும். நொறுங்கும் சத்தம் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது.

"இந்தக் கையாலதான டைப் பண்ண?"

மார்ச் 13, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். எலும்பு டாக்டரிடம் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னேன். அவர் கட்டுப் போட்டு அனுப்பினார். ஏன் பொய் சொன்னேன்? அம்மா போனில் அப்படிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். சீ.

மார்ச் 16, திங்கள்

எழுதிவிடுகிறேன். போலீசுக்குச் சொன்னபோது வரிசை மாறிப்போனது. இங்கே சரியாக எழுதுகிறேன்.

காலை பத்தரை. லேப் மெஷின் நின்றுபோனது. வழக்கமாக லேப் அக்கா (லேபின் தலைமைப் பரிசோதகர், எல்லோருக்கும் அக்கா) அண்ணனைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். இன்று கூப்பிடவில்லை. கை நொறுங்கியதோடு நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று அண்ணன் நினைத்திருந்தான். சனிக்கிழமை நான் சொல்லிக்கொடுத்தபடி லேப் அக்கா பிரவுசரைத் திறந்து, லேப் என்ற பெயரைத் தொட்டு, மறுபடி எழுப்பும் பட்டனை அழுத்தினார். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் வராந்தாவுக்கு வந்து சத்தமாகவே சொன்னார்: "நானே பண்ணிட்டேன்!"

அண்ணன் அங்கேதான் நின்றிருந்தான்.

சர்வர் அறைக்குள் போய் உள்ளிருந்து பூட்டிக்கொண்டான். என்னிடம் இன்னொரு சாவி இருந்தது. திறந்தபோது ஒரு சர்வரின் மின் வயர்களைப் பிடுங்கி, வயர் சொருகும் இடத்தை ஸ்பேனரால் அடித்து நசுக்கிவிட்டிருந்தான். ரத்த வங்கி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

"நான் இல்லாம ஓடுதான்னு பாக்கறேன்டி!"

அடுத்த சர்வருக்குக் கை நீட்டினான். குறுக்கே விழுந்தேன். முடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியை ரேக்கில் இடித்தான். ஒன்று. இரண்டு. கண்ணில் ரத்தம் இறங்கி எதுவும் தெரியவில்லை. தரையைத் தடவினேன். சர்வரைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்று கழற்றிப் போட்டுக் கிடந்தது. இடது கையில் எடுத்து முழங்காலில் விளாசினேன். விழுந்தான்.

விழுந்த பிறகும் அடித்தேன். அதே காலில். எலும்பு விட்டுக்கொடுப்பது சட்டத்தின் வழியாகக் கைக்குத் தெரிந்தது. "போதும்டி" என்றான். அவன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை அடித்தேன். அது எதற்கு? தெரியாது. தெரியும்.

காவலாளி என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மெஷின்களின் தகவல் பதிந்த டிஸ்க்கெல்லாம் சர்வர்களுக்கு வெளியே தனிப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பிரவுசரில், செத்த சர்வரில் இருந்த நாலு மெஷின்களையும் அடுத்த சர்வரில் எழுப்பினேன். ரத்த வங்கி முதலில். மவுஸ் ரத்தத்தில் வழுக்கியது, துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். பச்சை வர பதினேழு நிமிடம். மேலே இருந்த நோயாளிக்கு ரத்தம் போய்ச் சேர்ந்தது.

மார்ச் 18, புதன்

அண்ணி ஸ்டேஷனுக்கு வந்து பெண் காவலர் முன்னால் முதுகைக் காட்டினாள். ஆறு வருட வயர்த் தழும்புகள்.

அம்மா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான்: "கூடப் பொறந்தவனாச்சேடி."

ஏப்ரல் 7, செவ்வாய்

அண்ணன் வேலை போயிற்று. வழக்கு நடக்கிறது, ஜாமீனில் இருக்கிறான். இடது கால் இனி மடங்காதாம். அண்ணியும் நானும் வேறொரு வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அண்ணி கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

மே 11, திங்கள்

இப்போது எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பிரவுசரில் ஏறவும் என்னைக் கேட்க வேண்டும். பாதுகாப்புக்காக அனுமதியையெல்லாம் நான் ஒருத்தியே வைத்துக்கொண்டேன். லேப் அக்காவுக்கு மட்டும் கொஞ்சம்.

இன்று கூட்ட நேரத்தில் லேப் அக்கா பெயர் மாற்றி அழுத்தி மருந்தகத்தின் மெஷினை நிறுத்திவிட்டார். வரிசையில் நூறு பேர். ஓடிப்போய், "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

லேப் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எதற்குக் குனிகிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு பார்த்தேன். கீபோர்டு என் கையில் இருந்தது. கை தலைக்கு மேலே இருந்தது.

எப்போது தூக்கினேன்?

மே 12, செவ்வாய்

காலையில் லேப் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

லேப் அக்காவுக்கும் மருந்தக மேற்பார்வையாளருக்கும் முழு அனுமதி கொடுத்தேன். சோர்ஸை இறக்குவதில் தொடங்கி, எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும், எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, அச்சடித்து சர்வர் அறைக் கதவில் ஒட்டினேன். ஒன்பது பக்கம் வந்தது. பத்து நாள் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்தேன்.

"நீ இல்லாதப்ப ஏதாவது ஆச்சுன்னா?" லேப் அக்கா கேட்டார்.

"நீங்களே பாத்துக்கலாம்க்கா. என்னைக் கூப்பிட வேண்டாம்."

நான் எழுந்தபோது அவருடைய நாற்காலி அரை அடி பின்னால் போனது. சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு, கைகளைத் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு, மெதுவாக வெளியே வந்தேன்.