மணியின் நாக்கு

அண்ணே,

அருங்காட்சியகத்து மணிக்கு நாக்கு கேட்டுப் புதுக் காவலாளி வருகிறாராம். இன்னும் உள்ளே ஒளித்துவைக்கலாமென்று அலமாரியிலிருந்து அந்த இரும்பு நாக்கை எடுத்தேன். நழுவிக் காலில் விழுந்து கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. செத்தும் அடிப்பதை விடமாட்டீர்களா!

தொண்ணூற்றொன்பதில் அங்கே நீங்கள் காவலாளி. என் மகள் ஜோதிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. முதுமக்கள் தாழியின் வாயில் காதை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூடும் நேரமென்று நீங்கள் மணியை அடித்தீர்கள். அவள் அலறிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் தலையை மோதினாள். கண்ணாடி நொறுங்கி நெற்றியில் ரத்தம் கொட்டியது.

"பேய் பிடிச்சிருக்கு, மணிய விடாம அடிங்க!" என்றது கூட்டம். மணியோசைக்குப் பேய் ஆடி அடங்கும் என்று நம்பி நீங்களும் அடித்தீர்கள். அவள் இன்னும் மோதினாள். "ஆரு நீ? பேரச் சொல்லு!" என்று பிரம்பால் அவள் முதுகில் இரண்டு அடி. படுபாவி, வாய் பேசாத பிள்ளையிடமா பேர் கேட்டீர்கள்! பாய்ந்து உங்கள் கையைக் கடித்தேன். சதை பிய்ந்த பிறகுதான் பிரம்பு கீழே விழுந்தது.

எட்டாம் நாள் கட்டுப்போட்ட கையோடு என் வாசலில் நின்றீர்கள்.

"ஆத்தா, தையல் போட்ட டாக்டரு சொன்னாக, அது பேயில்லையாம். பிள்ள மறுபடி வர நான் என்ன செய்யணும்?"

"வெளிய போங்க" என்று கத்தினேன். நீங்கள் நகரவில்லை. கத்திக்கொண்டே சொன்னேன்: மணி கூடாது, கண்சிமிட்டும் டியூப் லைட் கூடாது, கூட்டம் கூடாது, யாரும் அவளைத் தொடக்கூடாது.

மறுநாளே மணியின் நாக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் முன்னதாக எங்களுக்குக் கதவு திறந்தது. வருசநாட்டு மலையிலிருந்துகூட இப்படிப்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி உங்களை அறைந்து மூக்குக்கண்ணாடியை உடைத்தாள். "எனக்கு நல்லா வேணும்" என்று சில்லைப் பொறுக்கினீர்கள். ஜோதி மட்டும் கடைசிவரை உங்களைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள்.

உங்கள் சாவன்று கொட்டும் வெடியும் தெருவை உலுக்கின. தெருமுனையில் காதைப் பொத்தித் திமிறியவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார்.

"ஏலே, கொட்ட நிறுத்துங்க! அந்தப் பிள்ள வரட்டும்."

தெரு அடங்கியது. ஜோதி என் கையை உதறிவிட்டுத் தானாக நடந்துவந்து, தாழியில் வைப்பதுபோல உங்கள் நெஞ்சில் காதை வைத்தாள்.

அவள் மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. நான் மன்னிக்கவில்லை, அண்ணே. அந்த இரண்டு அடியும் இன்னும் என் முதுகில் விழுகின்றன. ஆனாலும் நீங்கள் கொடுத்த நாக்கை எவருக்கும் தரமாட்டேன். வரட்டும் அந்தப் புது ஆள். எனக்கு இன்னும் பல் இருக்கிறது.