கதவுக்கு ஒரு துணி வளையம்

3, திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வாண்டும் நலம். நீ நலம் என்று பட்டன் கடை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சரக்கு எடுக்க இங்கே வரும் அந்தப் புண்ணியவதி மட்டும் கடிதம் சுமக்கவில்லை என்றால் நமக்குள் பேச்சே அற்றுப்போயிருக்கும். போன் வேண்டாம் அக்கா. உன் போனை வாண்டின் அப்பா வாங்கிப் பார்க்காமல் விடமாட்டார்.

சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை நிலைத்துவிட்டது. வீட்டு ஓனரும் தொல்லை தருவதில்லை. பயம் மட்டும் எங்களோடு சேர்ந்து குடிவந்துவிட்டது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் வாண்டு விளையாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா.

இப்போது ஒரு சின்னத் தலைவலி. பண்டிகை வருகிறதே, இந்தக் கட்டடத்தில் கதவுக்குக் கதவு மலர் வளையம் மாதிரி ஓர் அலங்கார வளையம் தொங்குகிறது. என் கதவு மட்டும் மொட்டை. மேல் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் தெருவுக்கே ஒலிபரப்பாகிவிடும் என்பதால் ரேடியோ அம்மா என்று பெயர். அவர் என்னை நிறுத்தி, "உன் கதவு மட்டும் ஏன் இப்படி இருக்கு? வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். யாரும் என் கதவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதற்காகவாவது ஒரு வளையம் வேண்டும். உன் தையல் கடை மூலையில் வெட்டுத்துணி மூட்டை கிடக்குமே, கொஞ்சம் கொடுத்து அனுப்பு. எப்படிச் செய்வது என்றும் எழுது.

உன்
எலி

8, சனிக்கிழமை

என் எலிக்கு,

வளையம் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. செத்தவருக்கு வைப்பதை இவள் ஏன் கேட்கிறாள்? முழுவதும் படித்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

பட்டன் கடை அம்மாவிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். பார்சலில் அனுப்பவில்லை. உன் புருஷன் பார்சல் வண்டிக்காரன். உன் முகவரி எழுதிய பை எந்த வழியாகப் போனாலும் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

செய்முறை கேள். சலவைக் கடையில் கம்பி ஹேங்கர் கிடைக்கும். அதை இழுத்து வட்டமாக வளை. கொக்கியை வெட்டாதே, மாட்டுவதற்கு வேண்டும். துணியை ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கு. கம்பியில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு நெருக்கித் தள்ளிக்கொண்டே வா. நீ பள்ளிக்கூடத்தில் போட்ட தையல் மாதிரி காற்றுப் போக இடம் விட்டால் கம்பி பல்லிளிக்கும். நுனியில் பிசிறு வந்தால் பரவாயில்லை, அதுவும் ஓர் அழகு. வாண்டை முடிச்சுப் போடச் சொல். அந்தக் குழந்தைக்கும் கையில் ஒரு வேலை இருக்கட்டும்.

அவன் இந்தப் பக்கம் வந்து பல நாளாகிறது. பயப்படாதே.

அன்புடன்,
அக்கா

16, ஞாயிற்றுக்கிழமை

எலி,

இதைப் படித்ததும் முதல் வேலையாக வளையத்தைக் கழற்று. காரணத்தைப் பிறகு படி.

அவன் நேற்று கடைக்கு வந்தான். அந்த நீலக் கட்டச் சட்டை, மஞ்சள் கோடு ஓடுமே, அதைக் கொண்டுவந்தான். முழங்கையில் கிழிந்திருக்கிறது. "மிச்சத் துணி உங்ககிட்டதானே இருக்கும் அண்ணி, ஒட்டுப் போட்டுக் குடுங்க" என்றான். மூட்டைக்குள் கையை விட்டேன். விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் துணியை உனக்கு அனுப்பிய பையில் போட்டுவிட்டேன் எலி. நிறம் நன்றாயிருக்கிறதே என்று அள்ளிப் போட்டேன், யாருடையது என்று பார்க்கவில்லை. அளவெடுத்துத் தைத்தவளே நான். வேறு எங்கும் கிடைக்காத துணி அது. துணிக்கட்டின் கடைசித் துண்டு என்று சொல்லி அவன்தான் பெருமையடித்துக்கொண்டு வாங்கி வந்தான்.

எலி கொண்டுபோய்விட்டது என்றேன். பொய் ஒன்றும் இல்லையே. ஆனால் சிரிக்க முடியவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே சொன்னான்: "பண்டிகைக் கூட்டம், ஆள் பத்தலைன்னு என்னை உங்க பட்டன்காரம்மா சரக்கு எடுக்கிற ஊருக்குப் போடுறாங்க. கதவு கதவா ஏறி இறங்கணும். ஏதாவது ஒரு கதவு திறக்காமலா போகும்?"

நீ அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் உன் கதவில் அவன் சட்டை தொங்குகிறது. நானே அனுப்பி வைத்தேன். என்னை நான் எதால் அடித்துக்கொள்வது?

பட்டன் கடை அம்மா சரக்கு வேலை இல்லாமலே இதற்காக வருகிறார். கழற்று.

அக்கா

21, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் வளையம் கதவில் ஏறி நாளாகிவிட்டது. ஆனால் கேள். பையைக் கொட்டியதுமே அந்த நீலத்தை அடையாளம் கண்டுகொண்டேன். அந்தச் சட்டையின் கையை அவர் மடித்துவிடுவார் அக்கா, முழங்கை வரை, நிதானமாக. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்கும் வாண்டுக்கும் தெரியும். என் விரலால் அதில் ஒரு முடிச்சு போட முடியவில்லை. என் வளையம் வெள்ளையும் பச்சையும்தான். எரித்துவிடலாம் என்று நீலத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். அதற்குள் எதிர் வீட்டு நர்ஸ் வந்து, "இவ்ளோ நல்ல துணியை யாராச்சும் எரிப்பாங்களா?" என்று அள்ளிக்கொண்டுபோய் எல்லாருக்கும் வளையத்தில் கட்டப் பங்கு போட்டுவிட்டார். நீ எழுதியதைப் படித்தபோது இந்தக் கட்டடத்தில் என் கதவைத் தவிர எல்லாக் கதவிலும் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கதவாகப் போய்ப் பிடுங்க முடியுமா? யார் கொடுத்த துணி என்று என் புருஷன் கேட்டால், மூலை வீட்டுப் பெண் கொடுத்தாள் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார்கள். வேறு வழி தெரியாமல் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் எழுந்து மற்ற வீடுகளுக்குப் போனார். ரேடியோ அம்மாவிடமும் சொல்லிவிட்டார் என்றதும் எனக்கு உயிர் பாதி போய்விட்டது.

நேற்று மத்தியானம் பூட்ஸ் சத்தம் வந்தது. வாண்டு கட்டிலுக்குப் பின்னால் போகவில்லை, என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றேன். அவன் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினான். இந்தத் துணி ஏது என்று கேட்டான். சந்தையில் வாங்கியது என்றார். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. நீலம் இருந்த கதவையெல்லாம் தட்டினான். கடைசியில் மேலே ஏறி ரேடியோ அம்மாவிடம் போனான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அம்மாவின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது: "துணி கேக்க வந்தியா, பார்சல் குடுக்க வந்தியா? குடுத்துட்டுக் கிளம்பு."

இறங்கி வந்தான். என் கதவுக்கு அடியில் நிழல் நின்றது. வாண்டின் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. பிறகு நிழல் நகர்ந்துவிட்டது. நீலம் இல்லாத கதவை அவன் ஏன் தட்டப்போகிறான்?

திரும்பி வந்தாலும் வருவான். வரட்டும், இங்கே நான் தனியாள் இல்லை. என் பயம் இப்போது உன்னைப் பற்றித்தான். தன் சட்டைத் துணி யார் கத்தரியிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். எலி கதை இனி எடுபடாது. அடுத்து அவன் தட்டப்போவது உன் கடைக் கதவை. அக்கா, பூட்டிவிட்டு வா. சாமான் எதுவும் வேண்டாம், கத்தரி போதும். பட்டன் கடை அம்மா கட்டடம் வரை கொண்டுவந்து விடுவார். பண்டிகை முடிந்தாலும் யாரும் வளையத்தைக் கழற்றமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் எந்த வீடு என்று குழம்பாதே.

நீலம் இல்லாத கதவைத் தட்டு. நான் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறேன்.

உன்
எலி