இருபத்தைந்தில் வைத்தால் பதினேழு

மே 19, செவ்வாய்

கத்திரி வெயில். எட்டு மணிக்கே ஆவடி ஸ்டேஷன் கொதிக்கிறது. ரயிலில் இடமில்லை, அம்பத்தூர் வரை நின்றுகொண்டே.

ஷெட்டுக்கு ஒரு புது வண்டி. ஜப்பான் பிக்கப். முன்பக்கம் கார் மாதிரி நான்கு கதவு, பின்னால் சரக்குத் தொட்டி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் கம்பெனி வைத்திருக்கும் சுந்தரம் சார் வாங்கியது. இன்னும் பிளாஸ்டிக் வாசனை போகவில்லை.

புகார்: குளிர் தாங்கவில்லை!

மே மாதத்தில், கார் ஏ.சி. ரிப்பேர் கடைக்கு வந்து இப்படி ஒரு புகார். எங்கள் முதலாளி காதர் பாய் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க பாய். என் வீட்டுக்காரிக்கு வீசிங். தூசி படக்கூடாதுன்னுதான் இதை வாங்கினேன். ஞாயித்துக்கிழமை பூந்தமல்லிக்குப் போறதுக்குள்ள மூச்சு விட முடியல அவளுக்கு. நடு ரோட்டுல இறங்கி ஆட்டோவுல வீட்டுக்கு வந்தோம்."

இந்த ஏ.சி. தானாக இயங்குவது. எத்தனை டிகிரி வேண்டும் என்று சொன்னால் போதும். காற்றின் வேகம், காற்று முகத்துக்கா காலுக்கா, எல்லாம் அதுவே முடிவு செய்யும். தேவராஜ் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கள் பெரிய மெக்கானிக், கொரட்டூர்க்காரர். கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார்.

"இன்னாம்மா இது? திருப்பறதுக்கு ஒண்ணுமே காணோம். தானா ஊதுது, தானா நிறுத்துது. இதுக்கு இன்னா மூளையா கீது?"

"இருக்குண்ணா" என்றேன். காதில் வாங்கவில்லை. நான் ஜாப் கார்டு எழுதுகிற ஆள். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்தவள் என்பது பாய்க்கு மட்டும் தெரியும். மூன்று வருடத்தில் அவருக்கும் மறந்திருக்கும்.

மே 20, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. துணி ஊறிக் கிடக்கிறது.

பாயைக் கேட்டு வண்டியின் புத்தகத்தை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏளா, ஒரு எழுத்தாவது வெளங்குதா ஒனக்கு?" குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், திருநெல்வேலிக் குசும்பு. சிரிக்கட்டும். படம் எந்த நாட்டிலும் படம்தானே.

புரிந்தவை:
– டாஷ்போர்டு மேல் கருப்புக் குமிழ். வெயில் அடிக்கிறதா என்று பார்க்க.
– பம்பர் பக்கம் ஒன்று. வெளிக்காற்றின் சூடு.
– ஸ்டியரிங் பக்கத்தில் தபால்தலை அளவு சின்ன ஜன்னல். உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சி, சூடு பார்க்க.
– மூன்றையும் கேட்டுவிட்டு எவ்வளவு ஊதலாம் என்று முடிவு.
– இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திச் சாவியைத் திருப்பினால், எங்கே கோளாறோ அந்த எண் மின்னும். எந்த எண்ணுக்கு எது என்று படத்தோடு பட்டியல்.

தானே சொல்லிவிடுமாம்! தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

மே 21, வியாழன்

பட்டனை அழுத்தினேன். எண் மின்னியது. பட்டியலில் வெயில் குமிழ்.

தே. அண்ணன்: "பார்ட்டு பூட்ச்சு. பம்பாய்க்கு எழுதிப் போடுங்க பாய்."

வர இரண்டு மாதம். சார் முகம் சுண்டிவிட்டது. "வேண்டாம் பாய். திங்கக்கிழமை லாரியில ஏத்தி, வித்தவன்கிட்டயே திருப்பி அனுப்பிடறேன்."

சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதத்தைப் பாதியில் மூடினேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் ஏது வெயில்? இல்லாததை இல்லை என்றுதானே சொல்லும்? சாரின் டிரைவர் செல்வத்தை வண்டியை வெளியே எடுக்கச் சொன்னேன்.

"வெயில்லயா? இன்னாத்துக்கு மேடம்?"

"எடுங்க, சொல்றேன்."

வெளியே வந்ததும் மறுபடி அழுத்தினேன். எண் மின்னவில்லை!

தே. அண்ணன் எழுந்து வந்தார். "உள்ள உடு." மின்னியது. "வெளிய எடு." இல்லை. நாலு தடவை. பிறகு என்னைப் பார்த்து, "தோடா."

அந்த ஒரு பாராட்டை வீடு வரை சுமந்து வந்தேன்.

ஆனால் குளிர் அப்படியே. இருபத்தைந்தில் வைத்து சீட்டில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். கால் மணியில் பதினேழு. கேட்ட குளிர் வந்ததும் காற்று குறைய வேண்டும். இது குறைக்கவே இல்லை. கோளாறு எண்ணும் இல்லை. உள்ளே இன்னும் சூடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏன்?

மே 22, வெள்ளி

வியர்வை. ரயிலில் ஒருத்தி என் காலை மிதித்தாள், வலிகூடத் தெரியவில்லை. ஸ்டியரிங் பக்கத்து ஜன்னல்தான் மனசில்.

பாயிடம் கேட்டேன், டாஷ்போர்டைத் திறக்க.

"புது வண்டிம்மா. ஒரு கிளிப் உடைஞ்சா நான்ல பதில் சொல்லணும்?"

"உடைக்க மாட்டேன் பாய்."

"உடைஞ்சிட்டா?"

"அப்புறம் மேஜையை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்."

வாய் சொல்லிவிட்டது. பாய் சரி என்றார்.

பக்கத்து ஷெட்டில் வெள்ளிக்கிழமை பூஜை ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. எடுத்துவந்து அந்த ஜன்னல் அருகே பிடித்தேன். உள்ளே இழுக்க வேண்டிய புகை நேராக மேலே போனது.

நாலு ஸ்குரூ, எட்டு கிளிப். தே. அண்ணன் மூச்சுகூட விடாமல் பக்கத்தில். உள்ளே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் கழன்று தொங்கியது. குழாய் இல்லாமல் உறிஞ்ச வழியில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் அடைந்து கிடக்கும் சூடுதான் அதற்குத் தெரிந்த ஒரே காற்று. பாவம், அதை நம்பித்தான் இத்தனை ஊதல்.

செல்வம் தலையைச் சொறிந்தார். "போன வாரம் பாட்டு செட்டு மாட்னோம் மேடம். நான்தான் அந்த அட்டையைக் கழட்னேன். அப்ப புட்டுகிச்சு போல."

குழாயை மாட்டினேன். டக். மறுபடி ஊதுவத்தி. புகை வளைந்து, நூல் மாதிரி, ஜன்னலுக்குள்.

"இஸ்துக்கினு போது பார்றா!" தே. அண்ணன் கத்திய கத்தலில் பக்கத்து ஷெட் வெல்டிங் நின்றது.

எட்டு கிளிப்பும் முழுசு. ஊதுவத்திச் சாம்பல் புடவையில். போகட்டும்.

மே 23, சனி

ஓட்டிப் பார்க்கிற நாள். செல்வம் ஓட்ட, சார் முன்னால். பின்னால் நானும் சாரின் மனைவி சரோஜாம்மாவும். அந்த அம்மா வரமாட்டேன் என்றாராம். சால்வை, மப்ளர், பையில் இன்ஹேலர். கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

உச்சி வெயில். இருபத்தைந்து. கிளம்பியதும் மெதுவாக ஊதியது. சில நொடி கழித்து முழு வேகம். சரோஜாம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்படித்தாம்மா அன்னைக்கும்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் சூடா இருக்கு, அதான். தானா குறைக்கும்."

சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் ஓ.டி. தாண்டியும் குறையவில்லை. திருமுல்லைவாயில் வருவதற்குள் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. ஆவடியில் பேச்சுக்குரல் கேட்கும் அளவு. மர நிழலில் இன்னும் மெலிந்தது. பருத்திப்பட்டில் வெட்டவெளி, வெயில் கண்ணாடியில் விழுந்ததும் தானாக லேசாக ஏறியது. யாரும் தொடவில்லை. தெர்மாமீட்டர் இருபத்தைந்து. எனக்குக் கைதட்ட வேண்டும் போல.

சால்வை எப்போது மடிக்கு வந்தது என்று தெரியாது. கரையான்சாவடிக் கடைகளைப் பார்த்ததும், "இங்க நல்ல கொய்யா கிடைக்கும், நிறுத்துப்பா" என்றார் சரோஜாம்மா. பிறகு, "ஏங்க, நான் ஒரு தடவைகூட இருமல, கவனிச்சீங்களா?"

சார் திரும்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

லாரி வேண்டாம் என்று அங்கேயே எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன்.

மே 25, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

என் மேஜை மேல் தே. அண்ணனின் காக்கி கோட்டு, துவைத்து மடித்து. கிரீஸ் கறை மட்டும் போகவில்லை.

"என் சைஸு. உனுக்குத் தொளதொளன்னு இருக்கும். புச்சு தச்சுக்கினு வர்ற வரைக்கும் போட்டுக்கோ."

பாய் உள்ளிருந்து: "கார்டு எழுத வேற ஆள் பார்த்துக்கறேன், நீ வண்டிக்குப் போம்மா."

கையை மூன்று மடிப்பு மடித்தேன். புடவைக்கு மேல் வேடிக்கையாக இருக்கிறது. வாசலில் ஒரு வேன், ஏ.சி. போட்டால் சூட்டுக் காற்று. பட்டாபிராமிலிருந்து வேர்த்து வழிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

போகிறேன்.